ஜன்னல் வேண்டாம், டிபன் போதும்

தங்க நிறக் கிரெடிட் கார்டு எடுத்தால் கப்பலில் கடலைப் பார்த்த பால்கனி அறை இலவசம் என்றார், வங்கியில் டை கட்டியிருந்த தம்பி.

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டினோம். வேண்டாமென்று.

தம்பி தன் காதையே நம்பாமல் இன்னொரு தரம் சொன்னார். பால்கனி. கடல். சூரியோதயம். இலவசம்.

வேண்டவே வேண்டாம்.

நான் லிப்ட் மெக்கானிக். ஆயுசு முழுக்க மேலும் கீழுமாகப் பயணம் செய்தவன்; பக்கவாட்டில் போனது ரொம்பக் குறைவு. என் மனைவியோ ஊஞ்சலில் உட்கார்ந்தாலே எலுமிச்சம்பழம் தேடுகிறவள். கப்பலுக்கு எங்களைவிடப் பொருத்தமில்லாத ஜோடி வலைவீசித் தேடினாலும் கிடைக்காது.

ஆனாலும் காலையிலிருந்து எங்களுக்குத் தரையில் கால் பாவவில்லை. வரும் வழியில் சிக்னலில் நின்றபோது ஸ்கூட்டரின் பின்னாலிருந்து இவள் திடீரென்று சிரித்தாள். ஏன் என்று கேட்காமல் நானும் சிரித்தேன். பக்கத்துக் கார்க்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

தம்பி மேஜைமேல் மூன்று விளம்பரத் தாள்களைச் சீட்டுபோல விரித்தார்.

ஒன்று, பாயிண்ட்டைக் கொட்டோ கொட்டென்று கொட்டும். எந்தக் கப்பலுக்கும் செல்லும். இன்னொன்று அந்தத் தங்கம். மூன்றாவது நீலம், பார்க்கவே பாவமாக இருந்தது. ஒரே ஒரு கப்பல் கம்பெனிக்குத்தான் செல்லும். மசாஜ் கிடையாது, பால்கனி கிடையாது, ஆண்டுக் கட்டணம் மட்டும் தவறாமல் உண்டு. அதிலிருந்த ஒரே சலுகை, தினமும் காலை டிபன் அறைக்கே வரும்.

கேரம் போர்டில் சிவப்பைக் குறிவைக்கிறவள் மாதிரி இவள் நீலத்தின்மேல் விரலை ஊன்றினாள்.

“மேடம், இத யாரும் எடுக்கறதே இல்ல.”

“அதான் நாங்க வந்திருக்கோமே தம்பி.”

கல்யாணமான நாளிலிருந்து கட்டிலில் உட்கார்ந்து ஒரு பிஸ்கட்டைக்கூட என்னை இவள் தின்ன விட்டதில்லை. எறும்பு வரும் என்பாள். அப்பேர்ப்பட்டவள் அறைக்கு வரும் டிபனுக்காகக் கடலையே வேண்டாம் என்கிறாள்.

கப்பலுக்கென்று இவள் வாங்கிய ஒரே புதுத்துணியும் ஒரு நைட்டிதான். காலையில் கதவைத் திறக்கும்போது லட்சணமாக இருக்க வேண்டுமாம்.

நீலக் கார்டுக்கு ஒப்புதல் வந்துவிட்டால் அங்கேயே அறையைப் பிடித்துவிடலாம். அந்தக் கப்பலுக்கு இந்தப் பக்கம் இதுதான் கடைசிப் பயணம். அப்புறம் அது உலகத்தின் அந்தக் கோடிக்குப் போய்விடும். எட்டாவது தளத்தில் ஒரே ஓர் அறை மிச்சம் இருந்தது. அதற்கு ஜன்னல்கூடக் கிடையாது.

பன்னிரண்டாவது தளத்தில் நல்ல நல்ல அறைகள் காலியாக இருப்பதாகத் தம்பி ஆசை காட்டினார்.

எட்டுதான், என்றோம் கோரஸாக.

“எட்டுன்னாலே எல்லாரும் ஓடுவாங்களே சார்!”

எங்களுக்கு அதுதான் ராசி என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன்.

கம்ப்யூட்டர் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது.

லிப்ட் நடுவழியில் நின்றால், “ஒரு நிமிஷம், பயப்படாதீங்க” என்று வெளியிலிருந்து குரல் கொடுக்கிறவன் நான். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் பாடு என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இவள் என் சுண்டுவிரலைப் பிடித்து, குழாயை அடைக்கிற மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தாள்.

நேரத்தைப் போக்கத் தம்பி இன்னொரு சலுகையை எடுத்துவிட்டார். அதே அறையில் மூன்றாவது ஆளுக்குக் கட்டணமில்லை. வீட்டில் வேறு யாராவது வருகிறார்களா?

இல்லை, நாங்கள் இரண்டு பேர்தான் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தினாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. பேரப்பிள்ளை எடுக்கிற வயதில் இரண்டு பேர், வாத்தியாரிடம் மாட்டிக்கொண்ட கடைசி பெஞ்சுபோலக் குலுங்கினோம்.

திரையில் பச்சை டிக் விழுந்தது.

நான் துள்ளி எழுந்ததில் முழங்கை டீ கப்பைத் தட்டிவிட்டது. தங்கக் கார்டின் கடலுக்குள் டீ பாய்ந்தது. சூரியோதயம் மூழ்கியது. என் கையில் எதுவும் நின்றதில்லை. ஸ்பேனரை லிப்ட் குழிக்குள் போட்டுவிட்டுப் பின்னாலேயே இறங்காத வாரம் கிடையாது.

கைக்குட்டையால் நான் துடைக்கத் துடைக்க டீ தம்பியின் டை வரைக்கும் போனது. அவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

வாசலுக்கு வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது இவள் சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள்.

“ஏங்க, அங்க காலையில கதவு தட்டினதும் டக்குனு தொறந்துடாதீங்க. ‘ட்ரேய கீழ வைப்பா’ன்னு உள்ள இருந்தே குரல மாத்திச் சொல்லுங்க. வச்சப்புறம் தொறப்போம்.”

“ஏன்டி?”

“எட்டாவது தளத்துக்கு டிபன் கொண்டு வர்றவன், இத்தன நாள் கழிச்சு நம்மளப் பாக்குறான். எல்லாத்தையும் கொட்டிருவான். உங்க பிள்ளைதானே.”

நியாயம்தான். வங்கி வாசல் என்றும் பாராமல், ‘ட்ரேய கீழ வைப்பா’ என்று சொல்லிப் பார்த்தேன்.

குரலை நான் மாற்ற வேண்டியிருக்கவில்லை; அதுவே மாறியிருந்தது.