அப்பாவின் சம்மதம்

கரண்டியை நீட்டும்போது மகள் தன் வாயையும் திறந்தாள். கட்டிலில் சாய்ந்திருந்த அப்பாவும் திறந்தார்.

ஊட்டுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். செய்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது.

பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்குப் பேச்சு இல்லை. கண் மட்டும் எதிரே இருப்பவர் முகத்தை விட்டு நகராது. ஒரு காலத்தில் அவர் இருமினால் வீடே அடங்கும்.

அண்ணன் உள்ளே வந்தான். பின்னாலேயே, வீட்டை வாங்க வந்தவர்.

வீடு அப்பா பேரில் இருந்தது. விற்றால் அப்பா முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டியதுதான். அண்ணன் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. தூக்கிப் படுக்க வைத்தே இடுப்பு ஒடிந்துபோனவன். வந்தவருக்கோ ஒரே நிபந்தனை. பெரியவர் சம்மதத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

அண்ணன் குனிந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வீட்ட குடுத்துடலாமாப்பா?"

அப்பா தலையசைத்தார். மேலும் கீழுமாக, தெளிவாக.

வந்தவருக்கு முகமெல்லாம் பல். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மகள் அண்ணனின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கும்போதே அது ஆடியது. ஆமாம் என்ற பதிலுக்கு ஏங்கிக் கேட்கிற எவனுக்கும் ஆடும். வந்தவர் தலையும் கூடவே ஆடியது. அப்பா கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. எதிரே ஆடிய தலையைப் பார்த்துத் தன் தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை.

"தலைய ஆட்டாம கேளுண்ணா."

அண்ணன் முறைத்தான். பிறகு பிடரியைக் கையால் பிடித்துக்கொண்டு விறைப்பாகக் கேட்டான். அப்பா அசையவில்லை. இன்னொரு தரம் கேட்டான். கேட்டுவிட்டுக் கண்ணைச் சிமிட்டினான். அப்பாவும் சிமிட்டினார்.

வந்தவர் அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று நழுவிவிட்டார்.

அண்ணன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். கோபம் கூட வரவில்லை அவனுக்கு.

"அப்போ இத்தன நாளா அவரு எதுக்குமே ஆமான்னு சொல்லலையா?"

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். இதை அவள் யோசித்திருக்கவில்லை.

அப்பாவை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு போனவள் அவள். அதன்பிறகு இந்த வாசலை மிதிக்க அவர் விட்டதில்லை. படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டுத்தான் வந்தாள். வந்த அன்று, அறையில் யாரும் இல்லாதபோது, இதே கட்டிலருகே குனிந்து, என்னை மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டாள்.

அப்பா தலையசைத்தார்.

அவள் வாய்விட்டு அழுதாள். அப்பாவும் அழுதார்.