பாதிப் பூ

"காலையில உங்க கல்யாணம், சாயங்காலம் அவங்க கல்யாணம். மண்டபமும் ஒண்ணு, பூவும் ஒண்ணு. ஆளுக்குப் பாதிச் செலவு. இதுல யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்க?" என்றாள் அலங்காரக்காரி, ரோஜாக் காம்புகளைச் சாய்வாக வெட்டிக்கொண்டே.

"எனக்குத்தான்," என்றாள் கல்யாணப் பெண். "நான் பார்த்துப் பார்த்து எடுக்கிற பூவுல, யாரோ ஒருத்தி வந்து நின்னு போட்டோ எடுத்துக்குவா."

கூட வந்திருந்த அம்மா கைப்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பங்குக்கு ஆள் பிடித்தது அவள்தான்.

தரை முழுக்க வாளிகள். குளிர் அறையின் கதவு திறக்கும்போதெல்லாம் வேறொரு பருவம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"அப்பா இருந்திருந்தா இப்படிப் பூவுக்கெல்லாம் கூட்டு சேர்க்க விட்டிருக்க மாட்டார்," என்றாள் மகள்.

"யாரு, உங்கப்பாவா? கத்தரிக்காய்க்கே அரை மணி நேரம் பேரம் பேசுவார். இருந்திருந்தா மூணாவதா ஒரு பார்ட்டியையும் பிடிச்சிட்டு வந்திருப்பார்."

அலங்காரக்காரி சிரித்தாள். மகளுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"சரி, யாரும்மா அந்தப் பார்ட்டி?"

"என் ஆபீஸ்லதான் இருக்காங்க."

"நேர்ல வரக் கூடாதா? பூவைப் பார்க்கவாவது?"

"உன் முடிவு தெரியாம வாயைத் திறக்க மாட்டாங்க. நீ வேண்டாம்னுட்டா அந்தக் கல்யாணமே வேண்டாம்னு இருக்காங்க."

"பூவுக்காக யாராவது கல்யாணத்தை நிறுத்துவாங்களா? என்ன பொம்பளைம்மா அது?"

"கொஞ்சம் யோசிக்கிற பொம்பளை."

"யோசிச்சு யோசிச்சே வயசு போயிருக்கும்."

"போயிருக்குதான்," என்றாள் அம்மா. "சின்னப் பொண்ணு இல்ல."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு அலங்காரம்? வாசல்ல ரெண்டு செடித் தொட்டி வெச்சா போதாதா?"

அம்மா பக்கத்து வாளியில் ஒரு பூவைத் தொட்டு நேராக்கினாள். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

"அப்படிச் சொல்லாதீங்க," என்றாள் அலங்காரக்காரி. "வயசானவங்க கல்யாணம் பண்ணிக்கலைன்னா நான் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். அவங்கதான் பேரம் பேசாம காசு தர்றாங்க. உங்கள மாதிரி சின்னப் பொண்ணுங்க போனைக் காட்டி, இதே மாதிரி வேணும், ஆனா பாதி விலைக்கு வேணும்னு நிக்கறாங்க."

"மாமியார் வீட்டுக்குத் தெரிஞ்சா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"எப்படித் தெரியும்? வாடாத பூ உங்களுக்கு. நீங்க கிளம்பின பிறகு நாலு காம்பை மாத்தி, தண்ணி தெளிச்சு வெச்சா அவங்களுக்கு. இங்க வாங்க, ஒண்ணு காட்டறேன்."

பின்கதவைத் திறந்தாள். சந்தில் மூடியில்லாத பெரிய குப்பைத் தொட்டி. அது வழிந்து சுவரோரமாகக் குவிந்திருந்தது: நேற்றைய கல்யாணம். விருந்தினர் வரும்போது மொட்டாக இருந்த லில்லிகள், காகிதத் தட்டுகளுக்கும் பிளாஸ்டிக் தம்ளர்களுக்கும் நடுவில், இப்போதுதான் நிதானமாக மலர்ந்துகொண்டிருந்தன.

"இதுங்களுக்கு யாரும் சொல்லல, கல்யாணம் முடிஞ்சிடுச்சுன்னு," என்றாள் அலங்காரக்காரி. "லாரி வரும், அள்ளிட்டுப் போயிடும். இதுக்கும் சேர்த்துத்தான் அவங்ககிட்ட காசு வாங்கினேன்."

மகள் குனிந்து ஒரு லில்லியை எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள். திரும்பப் போட மனம் வரவில்லை போலிருக்கிறது. கையில் வைத்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"சரி, பாதி கொடுத்துடலாம். ஆனா என் கையில பிடிக்கிற கொத்து மட்டும் என்னோடது. அதைக் கேட்கக் கூடாது."

"கேட்க மாட்டாங்க," என்றாள் அம்மா.

"அவங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?"

"மஞ்சள்."

"அக்கா, வெள்ளைக்கு நடுவுல கொஞ்சம் மஞ்சளும் சேர்த்துக்குங்க. அவங்க கல்யாணமும்தானே. எல்லாமே என் இஷ்டமா இருந்தா நல்லா இருக்காது."

அம்மா மகளையே பார்த்தாள். "மனசாரத்தான் சொல்றியா? அப்புறம் முகத்தைத் தூக்கி வெச்சுக்க மாட்டியே?"

"பாதிப் பூவுக்கு எதுக்கும்மா இவ்வளவு? மனசாரத்தான். நிம்மதியா கல்யாணம் பண்ணிக்கச் சொல்லு."

அம்மா தலையசைத்தாள்.

"அப்ப வேலையை ஆரம்பிக்கலாம்," என்று அலங்காரக்காரி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள். "மேடையில பூ வளைவு ஒண்ணுதான், ரெண்டு கல்யாணத்துக்கும். நடுவுல தொங்கற கொத்து, பொண்ணு தலைக்கு மேல சரியா ஒரு சாண் உயரத்துல இருக்கணும். சுவத்தோட ஒட்டி நில்லுங்க."

"மாப்பிள்ளை உயரம் வேண்டாமா?"

"அவங்க குனியட்டும். இப்பவே பழகிக்கிறது நல்லது."

மகள் சிரித்துக்கொண்டே போய் நின்றாள். தலைக்கு மேல் பென்சிலால் ஒரு கோடு விழுந்தது.

"சாயங்காலப் பொண்ணு இதைவிட உயரம்னா வளைவுக்கு நீளமா வேற பைப் போடணும்," என்று அலங்காரக்காரி அம்மாவின் பக்கம் திரும்பினாள். "அவங்க எவ்வளவு உயரம் இருப்பாங்க? சுமாராச் சொன்னாப் போதும்."

அம்மா செருப்பைக் கழற்றினாள். மகளுடைய பென்சில் கோட்டுக்குப் பக்கத்தில் போய், சுவரில் முதுகை ஒட்டி நிமிர்ந்து நின்றாள்.