ஓணானின் சாட்சி

வாகை மரத்தின் பொந்தில் தேனீக்கள் குடியேறிய நாளிலிருந்து மரத்துக்கு மனசு சரியில்லை. வயிற்றுக்குள் ஓயாமல் ஏதோ ரீங்காரம். பொந்தின் வாசலில் காவலுக்கு வேறு ஒரு தேனீ. 'என் பொந்துக்கு எதுக்குக் காவல்? உள்ளே எதையோ ஒளிச்சு வச்சிருக்காங்க' என்று மரம் நினைத்தது.

கிளையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஓணானிடம் கேட்டது. "ஏம்ப்பா, இவங்க என்னை உள்ளுக்குள்ளேயே அரிக்கிறாங்களோ?"

ஓணான் தலையை ஆட்டியது.

"நினைச்சேன்! என்னைச் சாய்க்கத்தான் திட்டமா?"

அதற்கும் ஆட்டியது.

காவல் தேனீ பதறிப்போய்ப் பறந்து வந்தது. "அண்ணே, நாங்க வெளியிலிருந்து கொண்டுவந்துதான் உள்ளே வைக்கிறோம். உங்க உடம்புல ஒரு சிராய்கூட எடுத்ததில்லை. அந்த ஓணான் எதைக் கேட்டாலும் தலையாட்டும்."

"சாட்சி சொன்னவன் மேலேயே பழி போடுறியா? இதுலேயே தெரியுதே உங்க யோக்கியதை! இன்னிக்கே காலி பண்ணுங்க."

தேனீக்கள் கூட்டமாகக் கிளம்பி ஆற்றுக்கு அக்கரை போய்விட்டன. மரம் நிம்மதியாக மூச்சு விட்டது.

மறுநாள் காலையில் கோடாரியோடு ஒருவன் வந்தான். முன்பு இரண்டு முறை வந்து, தேனீக்கள் துரத்தியதில் தலைதெறிக்க ஓடியவன். இப்போது பயந்து பயந்து அடிமரத்தில் காதை வைத்துப் பார்த்தான். சத்தமே இல்லை. சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவன் கண்ணில் ஓணான் பட்டது.

"என்ன, வெட்டிரலாமா?"

ஓணான் தலையை ஆட்டியது.