ஒத்தக்கடையைத் தாண்டி

குருபிரசாத் எழுந்து பல் துலக்கினான். ஒரு டம்ளர் காபி போட்டுக் குடித்தான். பிறகு மடிக்கணினியைத் திறந்தான். கருவி பொருத்திய வண்டிகள் ஒரு செல்போன் டவர் விட்டு இன்னொரு டவருக்கு மாறுவதைத் திரையில் கண்காணிப்பது அவன் வேலை.

எட்டு மணிக்கு, இறந்துபோன மனைவி மாதங்கியின் ஸ்கூட்டர் அவனியாபுரத்து வீட்டிலிருந்து கிளம்பியது. ஏழு மாதமாகத் தினமும் அப்படித்தான். திரையில் அந்த வண்டியின் பச்சைப் புள்ளி ரிங் ரோட்டில் நகர்ந்து, ஒத்தக்கடையில் லாரி மோதிய இடத்தில் மறைந்துவிடும். நசுங்கிய வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டவனே அவன்தான்.

அலுவலகத்திலிருந்து தமிழ்மாறன் போனில் வந்தார். "மாப்ள, ஓடாத வண்டி நம்பரையெல்லாம் இன்னைக்கு அழிக்கச் சொல்லிட்டாங்க. மாதங்கி வண்டியையும் எடுத்துரவா?"

"பொறுங்கண்ணே. இன்னைக்கு ஒத்தக்கடையத் தாண்டிருச்சு."

புள்ளி கண்மாய்க்கரை ஓரமாக மெதுவாக ஊர்ந்து, திருவாதவூர் டவருக்கு மாறியது. எட்டு ஐம்பதுக்கு அவள் பாடம் நடத்திய பள்ளிக்கூட வாசலில் நின்றது. மணியடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"இப்ப எடுத்துருங்கண்ணே."

"எடுத்துட்டேன் மாப்ள."

புள்ளி திரையை விட்டுப் போகவில்லை. குருபிரசாத் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசி நாள் காலையில் வண்டியைக் கிளப்பிக்கொண்டே மாதங்கி சொன்னாள்: "இப்படிப் பாத்துக்கிட்டே நின்னா நான் எப்படிப் போறது? உள்ள போங்க."