சிவப்புப் புள்ளி

"மறுபடியும் என் சரக்கையே என் தலையில கட்டிட்டீங்களே, நாடீன்."

டெல்மர் பையிலிருந்து, காகிதத்தில் உருளையாகச் சுற்றிய காசுச் சுருள்களை எடுத்து வங்கி மேடைமேல் நிறுத்தினார். எல்லாவற்றின் காகித உறையிலும் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது.

கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த காசாளர் நாடீன் சிரிக்கவில்லை. "என்ன பண்றது? கால் டாலர் சுருள் வாங்கற ஆளும் நீங்கதான், திருப்பித் தர்ற ஆளும் நீங்கதான். ஊர்ல வேற யாருக்கு இந்தப் பைத்தியம்?"

புள்ளி வைத்தவர் டெல்மர்தான். அரிய பழங்காசு தேடுகிறவர்கள் ஒரு வங்கியில் சுருளை வாங்கி, பிரித்துப் பார்த்து, மறுபடி சுற்றி இன்னொரு வங்கியில் போடுவார்கள். அப்போதுதான் பார்த்ததையே மறுபடி பார்க்கும் வெட்டி வேலை இருக்காது. அயோவாவின் அந்தச் சோளக்காட்டு ஊரில் இரண்டாவது வங்கியை இழுத்து மூடியபிறகு, வாங்குவதும் போடுவதும் நாடீனிடமே என்று ஆகிவிட்டது. அதனால் பார்த்து முடித்த சுருளில் ஒரு புள்ளி வைத்துவிடுவார். புள்ளி கண்ணில் பட்டால் பிரிக்கமாட்டார், ஓரமாகத் தள்ளி, அப்படியே திருப்பித் தந்துவிடுவார்.

பழைய வெள்ளிக் காசு அகப்படும் என்றுதான் ஆரம்பித்தார். அகப்பட்டதென்னவோ கார் கழுவும் கடையின் டோக்கன், ராட்டின டோக்கன், இவற்றோடு யார் கழுத்திலோ கிடந்து தேய்ந்த புனிதர் பதக்கங்கள். மனைவி போய்ச் சேர்ந்தபிறகு வெள்ளியைவிட அவைதான் பிடித்துப்போயின. அவர் வீட்டுக்கு விருந்தாளி என்று வந்தது அவை மட்டும்தான்.

போன குளிர்காலத்தில் ஒரு கிறுக்குத்தனம் செய்தார். சுருளை மறுபடி சுற்றும்போது, காசைக் குறைக்காமல், கூடுதலாக ஒரு புனித அந்தோணியார் பதக்கத்தை உள்ளே வைத்தார். தொலைந்ததைத் தேடித் தருகிற புனிதர் அல்லவா. எந்தக் கைக்கோ அது போய்ச் சேரும், அந்தக் கை பதிலுக்கு ஒன்றை வைத்து அனுப்பும் என்று ஒரு நப்பாசை.

அதற்கப்புறம் வாராவாரம் வைத்தார். பதில் ஒன்றுகூட வரவில்லை.

நாடீன் சுருள்களை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தாள். சுற்றி வந்த காசை வங்கியில் எண்ணுவதில்லை, நிறுப்பார்கள். எடையைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், அடுத்ததை வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை மாதா கோயில்ல மீன் சாப்பாடு. நீங்க வரவே இல்லையே."

"தனியாப் போய் உக்காந்து தட்டைப் பாத்துக்கிட்டே சாப்பிடறதுக்கா? அதை என் வீட்டு அடுப்படியிலயே பண்ணிக்கலாம்."

"நானும் அங்க தனியாத்தான் உக்காந்திருந்தேன்."

"உங்களுக்கென்ன, ஊரே பழக்கம்."

அவள் டிராயரைத் திறந்து அவருக்கான புதுச் சுருள்களை எடுக்கப்போனாள்.

"வேண்டாம், நாடீன். இதுதான் கடைசி. வீட்டை வாங்க ஆள் பாத்தாச்சு. நாளைக்குக் கையெழுத்துப் போடறேன். பொண்ணு அரிசோனாவுக்கு வந்து இருக்கச் சொல்றா."

நாடீன் டிராயரை மூடாமல் அப்படியே நின்றாள். "உங்களுக்குத்தான் அந்த வெயில் ஆகாதே."

"ஆகாதுதான்."

"அப்புறம் எதுக்குப் போறீங்க?"

டெல்மர் தொப்பியைக் கழற்றி அதன் விளிம்பைத் தடவினார். வயதான மனிதர் சொல்லக் கூச்சப்படுகிற விஷயம். ஆனால் ஊரைவிட்டே போகிறவரை யார் கேலி செய்யப்போகிறார்கள் என்ற தைரியத்தில் சொல்லிவிட்டார்.

"ஒரு பதில் வரும்னு காத்திருந்தேன். இந்தச் சுருளுக்குள்ள ஒரு பதக்கத்தை வச்சு அனுப்பினா, யாராவது ஒருத்தர் பதிலுக்கு ஏதாச்சும் வைப்பாங்கன்னு நெனச்சேன். ஒருத்தரும் வைக்கல. இந்த ஊர்ல நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்னு புரிஞ்சுபோச்சு."

நாடீனின் முகம் காதுவரை சிவந்தது.

"உங்க அந்தோணியார் வெளிய எங்கயும் போகல, டெல்மர். எல்லாரும் என்கிட்டதான் இருக்காங்க. எடை காட்டிக் குடுத்துடும்ல."

டெல்மர் தொப்பியை மேடைமேல் வைத்தார்.

"நானும் பதில் வச்சேன். வாராவாரம் வச்சேன். வாராவாரம் நீங்க அதைப் பத்திரமாத் திருப்பிக் கொண்டுவந்து வச்சுட்டுப் போனீங்க. வேண்டாம்ங்கறதை மரியாதையாச் சொல்றீங்க போலன்னு நானும் வாயை மூடிக்கிட்டேன்."

"நானா? எதைத் திருப்பித் தந்தேன்?"

நாடீன் அவர் கொண்டுவந்த சுருள் ஒன்றை எடுத்து மேடை விளிம்பில் தட்டி உடைத்தாள். கால் டாலர்கள் உருண்டோடின. நடுவில் மீன் உருவம் பொறித்த ஒரு பித்தளை வில்லை விழுந்தது. மாதா கோயில் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டு டோக்கன்.

அடுத்த சுருளை உடைத்தாள். அதிலும் ஒரு மீன்.

டெல்மர் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"எப்படி நாடீன்? நான் வாங்கிட்டுப் போன ஒவ்வொரு புதுச் சுருளையும் பிரிச்சுப் பாத்தேனே."

அவள் கிழிந்த உறையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"வேற யார் கைக்கும் போயிடக் கூடாதேன்னு, புள்ளி வச்சதுலதான் வச்சேன்."