விளிம்பில் உப்பு

குவாதலஹாரா நகரில் செத்தவர்கள் வீடு திரும்பும் நாள் அது. எவுலாலியா டெக்கீலாவும் ஆரஞ்சு மதுவும் எலுமிச்சைச் சாறும் பனிக்கட்டியோடு குலுக்கினாள். கோப்பை விளிம்பை உப்பில் அழுத்தினாள்.

"அம்மா, இத்தனை உப்பா? அப்பாவுக்கு ஆகாதும்மா" என்றான் டாக்டர் மகன் அன்செல்மோ.

"ஆகாது, கூடாது! உன் வாயில வேற வார்த்தையே வராதா?"

"டெக்கீலாவையாவது குறைம்மா."

"மூணு வருஷமா மனுஷன் வெறும் எலுமிச்சைத் தண்ணியைக் குடிச்சுட்டு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தாரு. தள்ளுடா!"

குலுக்கிய மார்கரீட்டா மதுவைத் தளும்பத் தளும்ப ஊற்றிக் கூடத்துக்கு எடுத்துப் போனாள். செண்டுமல்லிப் படையலின் நடுவே, மெழுகுவத்திக்குப் பின்னால் சிரித்த கணவரின் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

"உசுரோட இருந்தவரைக்கும் உன் பேச்சைக் கேட்டாரு. இன்னிக்கு ஒரு நாள் என் பேச்சைக் கேக்கட்டும்!"