அசல் டப்பா

"சார், இந்த டப்பா காலியானா ஓட்டை போடாம குடுங்க. லேபிளும் கிழியாம இருந்தா நல்லது."

ஜிம்மில் கூட்டிப் பெருக்கும் அண்ணன் இப்படிக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது.

காலி டப்பாவை எவனும் சும்மா கேட்க மாட்டான். அதுவும் வே புரோட்டீன் என்கிற பால் புரதப் பவுடர் டப்பாவை! அசல் டப்பா ஒன்று கைக்குக் கிடைத்தால் போதும், கண்ட மாவையும் உள்ளே கொட்டிப் புதுசு என்று விற்றுவிடுகிறார்கள். போன வருஷம் அப்படி ஒன்றை வாங்கி, மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தவன் நான். அன்றிலிருந்து காலி டப்பாவை ஆணியால் குத்தி, லேபிளைச் சுரண்டிவிட்டுத்தான் குப்பையில் போடுவேன்.

எனக்கு வேலை காப்பீட்டு ஆபீஸில், கிளெய்ம்களைச் சரிபார்ப்பது. சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளமே. ஜிம்மில் எனக்குப் பட்டப்பெயர் 'ஸ்கேனர்'. எந்தப் பவுடர் வாங்கலாம் என்று எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். சேர்மானத்தில் முதலில் எழுதியிருப்பது வேயா சர்க்கரையா, ஒரு கரண்டிக்கு எத்தனை கிராம் புரதம், டப்பாவின் வாயில் ஒட்டிய வெள்ளித்தாள் ஒழுங்காக இருக்கிறதா, எல்லாம் பார்ப்பேன். முக்கியமாக அந்த அளவு கரண்டி. புது டப்பாவில் அது அடியில் புதைந்து கிடக்கும். மணிக்கட்டு வரை கையை விட்டுத் துழாவ வேண்டும். மேலேயே கிடந்தால் எவனோ கை வைத்திருக்கிறான்.

இரண்டு மாதம் முன்பு இதே அண்ணன், எது நல்ல பவுடர் என்று என்னிடம் கேட்டிருந்தார். அரை மணி நேரம் பாடம் எடுத்து, நான் குடிக்கிற கம்பெனியையே சொன்னேன். விலையைக் கேட்டார். பேசாமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஓஹோ, பாடம் கேட்டது தொழில் ஆரம்பிக்கத்தானா?

விசாரித்தால், ஏற்கெனவே இரண்டு பேர் அவருக்கு டப்பா கொடுத்திருக்கிறார்கள். ஜிம் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். ஆதாரம் கொண்டு வந்தால் அன்றைக்கே அண்ணன் சீட்டைக் கிழித்துவிடுவதாகச் சொன்னார். ஆதாரம்தானே, அது நமக்குக் கைவந்த கலை.

டப்பா காலியானதும் சிரித்துக்கொண்டே கொடுத்தேன். அடியில் மட்டும் ஆணியால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி.

அன்று சாயங்காலம் பின்னாலேயே போனேன். மனுஷன் வழியில் ஒரு கடையில் நின்று வேர்க்கடலை, சோயா, பால் பவுடர், கோக்கோ என்று வாங்கினார். எனக்கு உள்ளூர ஒரே குஷி. வசமாகச் சிக்கிக்கொண்டார்.

ஒரு கட்டடத்தின் மாடியில் ஒற்றை அறை. வெளியே ஜன்னல் ஓரமாக நின்றேன். மிக்ஸியில் அரைத்தார், சலித்தார், என் டப்பாவில் கொட்டினார். கரண்டியை மேலே வைத்து மூடினார். டப்பாவைத் தூக்கியபோது அடியில் என் பெருக்கல் குறி தெரிந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

மிக்ஸியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். முகம் வெளுத்துப் போச்சு. அதே நேரம் படியேறி ஒரு பெண் வந்தாள். பதினாறு வயசு இருக்கும். நல்ல தோள்கட்டு, உள்ளங்கையெல்லாம் பிடி வழுக்காமல் இருக்கப் பூசுகிற வெள்ளைப் பொடி. பளு தூக்குகிற பெண்.

"எம்பொண்ணு சார்" என்றார் அண்ணன். அவளிடம், "ஜிம்முல பவுடர் பார்த்துச் சொல்ற சார்னு சொல்வேன்ல, இவர்தாம்மா" என்றார்.

அவள் கை கழுவ உள்ளே போனதும் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"வெளியில விக்கல சார், சத்தியமா. கோச் இந்த டப்பாவைத்தான் வாங்கச் சொன்னாரு. டீம்ல எல்லாப் புள்ளைங்ககிட்டயும் இருக்கு. இவ மட்டும் வெறுங்கையோட நிக்கக் கூடாதுன்னுதான். அவளுக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சுடுவா சார்."

அதற்குள் அவள் டப்பாவோடு வந்து நின்றாள்.

"உங்களை யாராலயும் ஏமாத்த முடியாதுன்னு அப்பா சொல்வாரு. இது அசல்தானா, பார்த்துச் சொல்லுங்க சார்."

மூடியைத் திறந்தேன். வேர்க்கடலை வாசனை குப்பென்று வந்தது. கரண்டி மேலேயே கிடந்தது. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினாலு வருஷ சர்வீஸில் ஒரு பொய்க் கிளெய்மைக்கூட நான் பாஸ் பண்ணியதில்லை.

"அசல்தாம்மா. கண்ணை மூடிக்கிட்டுக் குடி."

அண்ணனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. டீ குடித்துவிட்டுப் போகச் சொல்லி எவ்வளவோ கெஞ்சினார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. இறங்கும்போதே போனில் இருந்த படத்தை அழித்தேன்.

வழியனுப்ப அந்தப் பெண் கீழ்ப்படி வரைக்கும் வந்தாள்.

"ரொம்ப தேங்க்ஸ் சார்."

"எதுக்கும்மா?"

"பொய் சொன்னதுக்கு."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் மாடியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"மத்த புள்ளைங்க டப்பா பிரிக்கும்போது கரண்டி அடியில கிடக்கும் சார். எனக்கு மட்டும் முதல் டப்பாவுலேர்ந்தே மேலதான் இருக்கு. எனக்குத் தெரியும்னு அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. மனசு உடைஞ்சுடுவாரு."